கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: எங்கே தொடங்குவது, எங்கே ஏமாறக்கூடாது

கிரேட்ஃபுல் டெட் பெரிய ராக் குழு என்று யாரோ சொல்ல, ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றைக் கேட்டுவிட்டு “இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று மூடிவைத்தவர்களில் நானும் உண்டு. குழுவின் மேல் தப்பில்லை, நான் ஆரம்பித்த இடம்தான் தப்பு. இவர்கள் மேடைக்காரர்கள். 1965 முதல் 1995 வரை ஏறக்குறைய 2,300 கச்சேரிகள் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதிக்கு ஏதாவது ஒரு பதிவு இருக்கிறது. பாட்டு அதேதான், ஆனால் ஒரு ராத்திரி போல் இன்னொரு ராத்திரி இருக்காது. டிசம்பர் சீசனில் எல்லோரும் பாடுகிற கீர்த்தனை ஒன்று எந்தக் கச்சேரியில் நின்றது என்று நாம் மல்லுக்கட்டுவோமே, அந்த மாதிரி.

இந்தப் பதிவுகளுக்குள் நுழைய எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் வீணாயிற்று. முதல் மாதம் வெறிபிடித்து முப்பது கச்சேரிகளை இறக்கினேன், ஒன்றைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் தேதியைப் படிக்கப் பழகுங்கள்

இந்த ரசிகர்கள் கச்சேரிக்குப் பெயர் வைப்பதில்லை. தேதிதான் பெயர். “ஐந்து எட்டு எழுபத்தேழு கேட்டாயா?” என்பார்கள். நான் 1977 ஆகஸ்ட் 5 என்று எடுத்துக்கொண்டு தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 5/8/77 என்றால் மே 8. அந்த வருடம் ஆகஸ்டில் அவர்கள் மேடையே ஏறவில்லை. ஜூனில் ட்ரம்மர் மிக்கி ஹார்ட் கார் விபத்தில் சிக்கியதால் செப்டம்பர் 3 வரை கச்சேரி கிடையாது.

ஆனால் இந்தப் பதிவுகள் கிடைக்கிற இணையக் காப்பகத்தின் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) கோப்புப் பெயர்களில் வருடம், மாதம், நாள் என்ற வரிசை இருக்கும். பேச்சில் ஒரு மாதிரி, கோப்பில் ஒரு மாதிரி. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பாட்டுப் பட்டியலில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே > என்ற குறி இருந்தால், நிறுத்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குறி இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

2. யார் எப்போது வாசித்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவையுங்கள்

வரலாறு படிக்கச் சொல்லவில்லை. இந்தச் சீட்டு இல்லாமல் போனால் ஒரு வருடம் பிடித்து இன்னொரு வருடம் பிடிக்காமல் போவதற்குக் காரணமே புரியாது.

கிதாரும் குரலும் ஜெர்ரி கார்சியா, இன்னொரு கிதாரும் குரலும் பாப் வியர், பேஸ் ஃபில் லெஷ், ட்ரம்ஸ் பில் க்ரூட்ஸ்மன். இந்த நான்கு பேரும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. மாறியதெல்லாம் கீபோர்டும் இரண்டாவது ட்ரம்ஸும்தான்.

இரண்டாவது ட்ரம்மர் மிக்கி ஹார்ட் 1967 செப்டம்பரில் சேர்ந்தார், 1971 பிப்ரவரியில் விலகினார், 1974 அக்டோபரில் திரும்பி வந்தார். ஆகவே இடைப்பட்ட காலத்தில் ஒரே ட்ரம்மர். அந்த வருடங்களில் இசை லேசாக, சட்டென்று திரும்புகிற மாதிரி இருக்கும். இரண்டு ட்ரம்ஸ் வந்தபிறகு தேர் மாதிரி, நகர்ந்தால் நிறுத்த முடியாது, ஆனால் திருப்பவும் நேரமாகும்.

கீபோர்டில் முதலில் ‘பிக்பென்’ என்று கூப்பிடப்பட்ட ரான் மெக்கெர்னன். ஆர்கன், ஹார்மோனிகா, கரகரப்பான புளூஸ் குரல். 1973-இல் 27 வயதில் இறந்தார். 1971 அக்டோபரில் பியானோவுக்கு கீத் காட்ஷோ வந்தார். சில மாதத்தில் அவர் மனைவி டோனா பாட வந்தார். இருவரும் 1979 தொடக்கத்தில் போனார்கள். அடுத்து பிரென்ட் மிட்லண்ட், 1979 ஏப்ரல் முதல் 1990 ஜூலையில் இறக்கும்வரை. அதன்பின் வின்ஸ் வெல்னிக். கூடவே 1992 வரை பல கச்சேரிகளில் புரூஸ் ஹார்ன்ஸ்பி. 1995 ஜூலை 9, சிகாகோ, கடைசிக் கச்சேரி. சரியாக ஒரு மாதத்தில் கார்சியா இறந்துபோனார்.

சீட்டை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

3. எங்கே கேட்பது, எவ்வளவு செலவு

செலவு என்று பார்த்தால் பூஜ்யத்தில் தொடங்கலாம். கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள இந்தக் குழு அனுமதித்தது. 1984 அக்டோபரிலிருந்து மைக் ஸ்டாண்டோடு வருகிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: காசுக்கு விற்கக்கூடாது. அப்படிச் சேர்ந்ததில் பெரும்பகுதி இன்று இணையக் காப்பகத்தின் நேரடி இசைப் பிரிவில் இருக்கிறது. பணம் வேண்டாம். கைப்பேசியில் கேட்க ‘ரீலிசன்’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதுவும் அதே காப்பகத்திலிருந்துதான் எடுக்கிறது, ஆனால் வருடவாரியாகத் தேடுவது சுலபம்.

இங்கே புதிதாக வருகிற எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. பிடித்த பதிவைத் திறந்தால் கேட்க முடியும், இறக்குவதற்கான வழியைக் காணோம். உலாவியை மாற்றிப் பார்த்தேன், கணக்கு திறந்து பார்த்தேன், ஒரு சனிக்கிழமையே போனது. கோளாறு ஒன்றும் இல்லை. 2005-ஆம் ஆண்டிலிருந்து அங்கே வைத்திருக்கும் விதி அது: ஒலிமேடைப் பதிவுகளை, அதாவது அரங்கின் ஒலியைக் கலக்குகிற மேசையிலிருந்து நேராக எடுத்தவற்றை, கேட்க மட்டும்தான் முடியும், ரசிகர்கள் மைக் வைத்து எடுத்தவற்றை இறக்கவும் செய்யலாம்.

உண்மையான செலவு டேட்டாதான். மூன்று மணி நேரக் கச்சேரி எம்பி3 வடிவில் 300, 400 எம்பி. அதே கச்சேரி தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சுமார் 1 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர் ஃபிளாக்கில் கைவைத்தால் அன்றைக்கு வாட்ஸ்அப்கூடத் திணறும். வீட்டு வைஃபை இல்லாதவர்கள் எம்பி3-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கேட்பதற்கு அது போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். தெரியாமல் நான் ஒருமுறை கொடுத்தேன். போன தரம் திரும்பி வராது, கோப்புதான் ஊதிப்போகும். வாங்கியவர் எந்த ஸ்தாயியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் போட்டுப் பார்த்து, மேல் ஸ்தாயி வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நியாயம்தான்.

4. ஒரே தேதிக்குப் பத்துப் பதிவுகள் இருந்தால்

இருக்கும். மே 8, 1977-க்கே ஏகப்பட்டவை. எழுத்துச் சுருக்கத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

‘எஸ்பிடி’ என்றால் ஒலிமேடையிலிருந்து நேராக எடுத்தது. ஒவ்வொரு கருவியும் தெளிவாகக் கேட்கும், கைதட்டல் எங்கோ தூரத்தில் இருக்கும். ‘ஏயூடி’ என்றால் கூட்டத்தின் நடுவே மைக் வைத்தது. அரங்கின் கார்வை இருக்கும், பக்கத்து ஆள் கத்துவதும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கலந்தது ‘மேட்ரிக்ஸ்’.

எஸ்பிடி என்றாலே உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஒலிமேடைக் கலவை அரங்கில் இருப்பவர்களுக்காகச் செய்தது, நமக்காக அல்ல. மேடையிலேயே சத்தமாக இருக்கிற கருவியை ஒலிபெருக்கியில் குறைத்திருப்பார்கள், பதிவில் அது காணாமல் போயிருக்கும். 80-களின் பல கச்சேரிகளுக்கு நான் ஏயூடியைத்தான் எடுப்பேன். ஹெட்போனில் கேட்டால் ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் மட்டும் எஸ்பிடி எடுங்கள், காது பழகட்டும்.

1974-க்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த வருடப் பதிவுகளில் குரல் மட்டும் மெலிந்து, தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி கேட்கும். ஹெட்போன் போச்சு என்று நினைத்து ரிப்பேர் கடைக்கே எடுத்துப்போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, “பாட்டே அப்படித்தான் சார் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதுதான் சரி. அந்த வருடம் ஒலிபெருக்கிகளை மலைமாதிரி அடுக்கி, குழுவுக்கு முன்னால் வைக்காமல் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடாமல் இருக்க, பாடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்குகளை, ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிற மாதிரி இணைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள். இரண்டிலும் பொதுவாக விழுகிற சத்தம் அடிபட்டுப்போகும். கூடவே குரலின் கனமும் கொஞ்சம் போயிற்று. ஆனால் கருவிகள் அந்த வருடத்தில் கேட்கிற மாதிரி வேறெந்த வருடத்திலும் கேட்காது. குரலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. கூட வரும் தகவல் கோப்பைப் படியுங்கள், தூக்கிப் போடாதீர்கள்

இந்த வேலையில் ஆவணம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். ஒவ்வொரு பதிவோடும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வரும். நான் இடத்தை அடைக்கிறதே என்று அழித்தேன். ஒரு கேபி கோப்பு என்ன இடத்தை அடைத்துவிடும்? புத்தி அப்படிப் போயிற்று. பாட்டுக் கோப்புகளின் பெயர்கள் ‘டி1டி01’, ‘டி2டி05’ என்றுதான் இருக்கும், அதாவது முதல் டிஸ்க்கின் முதல் பாட்டு, இரண்டாவது டிஸ்க்கின் ஐந்தாவது பாட்டு. எது என்ன பாட்டு, எந்த ஊர், என்ன தேதி என்பதெல்லாம் அந்த எழுத்துக் கோப்பில் மட்டும்தான்.

அதில் பார்க்கவேண்டியவை:

பரம்பரை வரி. ‘எஸ்பிடி > மாஸ்டர் ரீல் > டாட் > சிடி > ஃபிளாக்’ என்பது மாதிரி இருக்கும். மூல ரீலிலிருந்து நேராக ‘டாட்’ என்ற டிஜிட்டல் டேப்புக்கு வந்திருக்கிறது, நல்ல ஜாதகம். நடுவில் ‘சி > சி > சி’ என்று வந்தால் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மூன்றுமுறை நகல் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு நகலுக்கும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடும். ஒரே தேதிக்குப் பல பதிவுகள் இருந்தால், இந்த வரி குட்டையாக இருப்பதை எடுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், ஜனங்கள் கச்சேரிக்குத்தான் மார்க் போடுகிறார்கள், பதிவுக்கு அல்ல.

சுருதி. பழைய டேப் ஓடிய வேகத்துக்கும் நகல் எடுத்த இயந்திரத்தின் வேகத்துக்கும் வித்தியாசம் இருந்தால் பாட்டே அரைக்கட்டை ஏறிவிடும். வேகம் திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம் காது இதில் கொஞ்சம் சீக்கிரமாகவே உறுத்தும்.

வெட்டும் ஒட்டும். ரசிகர்கள் பெரும்பாலும் 90 நிமிடக் கேசட் பயன்படுத்தினார்கள், ஒரு பக்கம் 45 நிமிடம். திருப்பிப் போடுகிற நேரத்தில் பாட்டு போய்விடும், அதுவும் சரியாகக் கார்சியா உச்சத்துக்குப் போகிற இடமாகப் பார்த்துத்தான் போகும். அந்த இடத்தை வேறொரு பதிவிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால் கோப்பில் சொல்லியிருப்பார்கள். நடுவில் திடீரென்று ஒலி மாறினால் பயப்படவேண்டாம்.

6. முதல் நான்கு கச்சேரிகள்

ஒரு கச்சேரிக்கு ஒரு வாரம் கொடுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் என்பதால் ஒரே உட்காரலில் முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். நான் சொல்லும் முறை: முதலில் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். முதல் பகுதியில் சின்னப் பாட்டுகள், கை சூடேறுகிற நேரம். விரிவான வாசிப்பு பெரும்பாலும் இரண்டாம் பகுதியில்தான். பிடித்தால் முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

முதல் வாரம், மே 8, 1977. நியூயார்க் மாநிலம் இத்தாக்கா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். எல்லோரும் சொல்கிறார்களே என்று முகம் சுளிக்கிற பழைய ரசிகர்கள் உண்டு. கண்டுகொள்ளாதீர்கள், புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. பெட்டி கான்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பொறியாளர் எடுத்த பதிவு, நேற்று எடுத்த மாதிரி இருக்கும். இரண்டாம் பகுதி ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ் > ஃபயர் ஆன் தி மவுன்டன்’ என்று தொடங்கும், இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். முதல் பாட்டு எப்போது முடிந்து இரண்டாவது எப்போது தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்டப் பாருங்கள். முடியாது. பேஸ்தான் முதலில் அந்தப் பக்கம் போகும், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போவார்கள்.

இரண்டாம் வாரம், ஆகஸ்ட் 27, 1972. ஆரிகன் மாநிலம் வெனீட்டா. நலிந்துபோன ஒரு பால் பண்ணைக்கு நிதி திரட்ட, வெட்டவெளியில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் நடந்த கச்சேரி. ‘டார்க் ஸ்டார்’ மட்டும் அரை மணி நேரம். முதல்முறை கேட்கும்போது நடுவில் தொலைந்துபோவீர்கள். ஆலாபனை கேட்கிற பொறுமையோடு உட்காருங்கள், பாட்டு எங்கே என்று தேடாதீர்கள்.

மூன்றாம் வாரம், மார்ச் 29, 1990. லாங் ஐலண்டின் நாசாவ் கொலிசியம். ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் முதல் பகுதியில் ஒரு பாட்டுக்கு வந்து நின்றார். பிடித்துப்போய் இரண்டாம் பகுதி முழுக்க வைத்துக்கொண்டார்கள். ஒத்திகை கிடையாது. பிரென்ட் காலத்துக்கு நல்ல சாம்பிள்.

நான்காவது, பிப்ரவரி 13, 1970, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட். பிக்பென் இருந்த காலம், முரட்டு வாசிப்பு. இதை முதலில் வைத்தால் சிலர் ஓடிவிடுகிறார்கள், அதனால் கடைசியில் வைத்தேன்.

1966, 1994, 1995 பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். முன்னது இன்னும் பழகாத குழு, பின்னது களைத்துப்போன கார்சியா. பாடல் வரி மறந்து அவர் தடுமாறுவதை, குழுவின் மேல் பாசம் வருவதற்கு முன்னால் கேட்கக்கூடாது.

இன்னொன்று. 1978 முதல் இரண்டாம் பகுதியின் நடுவில் ‘ட்ரம்ஸ்’, ‘ஸ்பேஸ்’ என்று இரண்டு வரும். முதலாவது இரண்டு ட்ரம்மர்கள் மட்டும், அடுத்தது தாளமே இல்லாத ஒலிகள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகிற கூட்டம் சபாவில் உண்டே, அங்கேயும் உண்டு. முதல் மாதம் நீங்களும் எழுந்துபோகலாம், பாவமில்லை. ஆனால் மிருதங்கம், கடம் கேட்டு வளர்ந்தவர்கள் பிறகாவது திரும்பி வாருங்கள். மிக்கி ஹார்ட் பின்னாளில் ஜாகிர் உசேனோடும் நம் விக்கு விநாயக்ராமோடும் சேர்ந்து ‘பிளானட் ட்ரம்’ ஆல்பம் செய்து 1992-இல் கிராமி வாங்கியவர். ‘எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்’ ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாபு போட்டுப் பாருங்கள், உட்காரும். ‘ப்ளேயிங் இன் தி பேண்ட்’ பத்து. ‘தி இலெவன்’ பெயரிலேயே பதினொன்று.

7. டிஸ்க்காக வாங்குவதானால்

அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன நான்கும் அதிகாரபூர்வமாகவே வெளிவந்திருக்கின்றன. வாங்குவதற்குமுன் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் செயலியில் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்பது 1993 முதல் 2005 வரை வந்த 36 கச்சேரிப் பதிவுத் தொகுதிகள். ‘டேவ்ஸ் பிக்ஸ்’ 2012 முதல் வருடத்துக்கு நான்கு. பின்னது எண்ணிக்கை வைத்து அடிக்கிறார்கள், வருடச் சந்தா கட்டுகிறவர்களுக்கு முன்னுரிமை. தவறவிட்டால் மறுவிற்பனையில் கழுத்தை அறுப்பார்கள். 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளும் அடங்கிய 73 டிஸ்க் பெட்டி ஒன்று உண்டு. ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைக்கிறவர்கள் கவனிக்க: டிஸ்க் விலை, அனுப்பும் கூலி, இங்கே சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் என்று ஐந்து செலவு. ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை நகலும், பணம் கட்டிய ரசீதும் தயாராக வையுங்கள். அடையாள அட்டையில் இருக்கிற பெயரிலேயே ஆர்டர் செய்யுங்கள், செல்லப்பெயரில் செய்யாதீர்கள். முக்கியமாக, விற்பவர் உதவி செய்வதாக நினைத்து ‘பரிசு’ என்று எழுதி அனுப்ப விடாதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர எதையும் பரிசு என்று சொல்லி வரி கட்டாமல் இறக்க முடியாது. எனக்கு வந்த பழைய சிடி செட் இதனால் மூன்று வாரம் கிடங்கில் தூங்கியது. கடிதப் போக்குவரத்தில் ஆன மன உளைச்சலுக்கு விலை போடவில்லை.

8. பழைய ரசிகர்களிடம் கேட்கும்போது

“சிறந்த கச்சேரி எது?” என்று கேட்காதீர்கள். அடிதடி நடக்கும், உங்களுக்குப் பதில் கிடைக்காது. “1973-இல் ஒரே ஒரு இரண்டாம் பகுதி கேட்பதானால் எது?” என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் ஐந்து தேதி வரும். காசு கொடுத்தால் அரிய பதிவு தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள், அவர் விற்பது பெரும்பாலும் காப்பகத்தில் சும்மா கிடப்பதுதான்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துக் கோப்பை அழித்தேன் என்றேன் அல்லவா? அதோடு விடாமல் ஃபோல்டருக்கும் ‘சூப்பர்’ என்று பெயர் வைத்துவிட்டேன். அதில் ‘டி2டி05’ மட்டும்தான் இப்போது மிஞ்சியிருக்கிறது. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, பிரமாதமான வாசிப்பு, எந்தத் தேதி என்று தெரியாது. கையில் எண்ணிப் பார்த்தேன், பத்து. ஆக, ‘ப்ளேயிங் இன் தி பேண்ட்’. பியானோ கேட்கிறது, டோனாவின் குரலும் கேட்கிறது. ஒரே ட்ரம்மர். சீட்டின்படி 1972-க்கும் 1974-க்கும் நடுவில். குரலில் தகர டப்பா இல்லை, அப்படியானால் 1974 இல்லை. 1972 தொடக்கத்தில் இந்தப் பாட்டு இவ்வளவு நீளம் போகாது, அதனால் வருடத்தின் பின்பாதியிலிருந்து தேடினால் போதும். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து அந்த ஒரு பாட்டை மட்டும் ஒப்பிட்டு வருகிறேன். இப்போது நவம்பரில் இருக்கிறேன்.